ஒயினும் அது விளைந்த ஊரின் சாப்பாடும்

ஒயினைப் பற்றிப் பேசுபவர்கள் பெரும்பாலும் அதன் மணத்தை வருணிப்பதிலேயே நின்றுவிடுகிறார்கள். கருநாவல், புகையிலை, நனைந்த மண் என்று நீளும் அந்தப் பட்டியலைக் கேட்டு எவரும் ஒரு புட்டியை ஆசையோடு திறந்ததாக எனக்கு நினைவில்லை. அந்த ஒயின் விளைந்த ஊரில் அதனோடு எதைச் சாப்பிடுகிறார்கள் என்று சொல்லி, அந்தப் பண்டத்தையும் பக்கத்தில் வைத்துவிட்டால் வேறு விளம்பரம் வேண்டியதில்லை.

பிரான்சின் லுவார் ஆறு கடலை நெருங்கும் நாந்த் நகரைச் சுற்றி விளையும் மஸ்கடே, தனியாகக் குடித்தால் புளிப்பு மிகுந்த, சற்று மெலிந்த வெள்ளை ஒயினாகவே தோன்றும். அந்தக் கடற்கரையின் சிப்பியோடு அருந்தும்போது, எலுமிச்சைச் சாறு செய்யும் வேலையை அந்தப் புளிப்பே செய்துவிடுகிறது. இத்தாலியின் சிவப்பு ஒயினான கியான்டியும் இப்படித்தான். அதன் துவர்ப்புக்குக் காரணமான டானின், உமிழ்நீரிலுள்ள புரதத்தோடு பிணைந்து நாக்கை உலர்த்தும். ஃபுளோரன்ஸ் நகரத்தார் சுடும் தடித்த மாட்டிறைச்சித் துண்டின் புரதமும் கொழுப்பும் சேர்ந்தால் அதே துவர்ப்பு அடங்கி, பழச்சுவை மேலெழும்.

எனக்கு மிகவும் பிடித்த எடுத்துக்காட்டு பிரான்சின் ஜூரா மலைப்பகுதியில் விளையும் வான் ஜோன் என்ற மஞ்சள் ஒயின். ஆவியாகிக் குறைவதை நிரப்பாமல், மேலே ஈஸ்ட் படலம் படர விட்டு, ஆறு ஆண்டுகளுக்கு மேல் பீப்பாயில் வைத்திருந்து, 620 மில்லிலிட்டர் கொள்ளும் கிளாவ்லான் என்ற குட்டைப் புட்டியில் அடைக்கிறார்கள். ஒரு லிட்டரில் எஞ்சுவது அவ்வளவே என்பது அங்கே வழங்கும் விளக்கம். முதன்முறை குடிப்பவர் கெட்டுப்போனதென்று கோப்பையைத் தள்ளிவைப்பார். நானும் அப்படித்தான் செய்தேன். அதே மலையின் கோம்தே பாலாடைக்கட்டியை ஒரு கடி கடித்த பிறகு, இரண்டிலும் இருக்கும் வாதுமைக் கொட்டை மணம் ஒன்றையொன்று தேடிப் பிடித்துக்கொண்டது.

இதை விதியாக்கிவிடவும் கூடாது. ஆல்கஹால் மிளகாயின் எரிச்சலைக் கூட்டும் என்பதால், காரமான உணவுக்கு எங்கோ ஜெர்மனியில் விளைந்த மோசெல் ரீஸ்லிங் என்ற வெள்ளை ஒயினில் ஆல்கஹால் குறைந்த, லேசான இனிப்புள்ள ஒன்றே பொருந்தும்.

பரிமாறுவதில் பெரும்பாலானோர் தவறுவது வெப்பநிலையில். சிவப்பு ஒயினை அறை வெப்பநிலையில் தர வேண்டும் என்ற வழக்கு, ஐரோப்பாவின் குளிர்ந்த பழைய வீடுகளை மனத்தில் கொண்டு பிறந்தது; அது ஏறக்குறைய 16 முதல் 18 டிகிரி செல்சியஸ். ஓர் உணவகத்தில் வெதுவெதுப்பாக வந்த சிவப்பு ஒயினுக்கு நான் பனிக்கட்டி வாளி கேட்டபோது, பரிமாறியவர் என்னை விவரமறியாதவனாகப் பார்த்தார். கால் மணி நேரத்தில் அந்த ஒயினின் சாராய நெடி அடங்கியது. முதலில் ஊற்றிக் காட்டும் சிறு அளவும், பிடித்திருக்கிறதா என்று கேட்பதற்காக அல்ல. பழுதான கார்க்கினால் நனைந்த அட்டைப்பெட்டி வாடை ஏறியிருக்கிறதா என்று பார்க்கவே.

பிரான்சில் 1991இல் வந்த எவான் சட்டம் மது விளம்பரத்தைத் தொலைக்காட்சியில் அனுமதிப்பதில்லை. பிற இடங்களிலும் விளைந்த இடம், செய்முறை, அருந்தும் முறை போன்ற செய்திகளோடு நிறுத்திக்கொள்ளச் சொல்கிறது. அளவுமீறிய குடி உடல்நலத்துக்குக் கேடு என்ற எச்சரிக்கையும் கட்டாயம். விற்பவர்களுக்கு இது தளையாகத் தெரிந்திருக்கலாம். எனக்கோ, ஒயினைப் பற்றிச் சொல்லத் தகுந்தவற்றை மட்டும் அந்தச் சட்டம் விட்டுவைத்ததாகவே படுகிறது.

இப்போதெல்லாம் வான் ஜோன் அறியாத விருந்தினருக்கு நான் கோப்பையை முதலில் நீட்டுவதில்லை. கோம்தே வைத்த தட்டைத்தான் நீட்டுகிறேன்.