பின்வீட்டுச் சுவர் எத்தனை அடி?

ஒரு முருங்கை மர விவகாரத்துக்குப் பிறகு பின்வீட்டாரோடு எங்களுக்குப் பேச்சு இல்லை. இப்போது தென்னை. அவர் மாடி எடுத்துக் கட்டியதிலிருந்து எங்கள் கொல்லைத் தென்னை அவர் தூக்கத்தைக் கெடுக்கிறதாம். புயல் அடித்தால் மரம் நேராக அவர் வீட்டுச் சமையலறைச் சுவரில்தான் விழும், வெட்டிவிடுங்கள் என்று இஸ்திரி அண்ணனிடம் சொல்லி அனுப்பினார். இரண்டு வீட்டுத் துணிகளையும் தேய்க்கிறவர் அவர் ஒருவர்தான். ஐ.நா. சபையில் இருக்க வேண்டிய மனிதர், எங்கள் தெருமுனையில் கரி ஊதிக்கொண்டிருக்கிறார்.

"மரம் அவ்வளவு தூரம் எட்டாது" என்று அத்தை பதில் அனுப்பினார். "எட்டும்" என்று என் கணவரின் வேட்டியோடு செய்தி வந்தது. "எட்டவே எட்டாது" என்று அவர்கள் வீட்டுப் புடவையோடு திரும்பிப் போனது.

'மாமா நட்ட மரம்' என்றால் எங்கள் வீட்டில் எந்த வாதமும் அத்தோடு முடிந்துவிடும். மாமா உயிரோடு இருந்தபோது இதே மரத்தை அத்தை 'காய்க்கத் தெரியாத சனியன்' என்று தினமும் அர்ச்சனை செய்தது வேறு கதை.

இந்த நேரம் பார்த்து மகளுக்குப் பத்தாம் வகுப்பில் முக்கோணவியல் நடக்கிறது. "ஏறாமலே உயரத்தை அளக்கலாம், போகாமலே தூரத்தை அளக்கலாம்" என்றாள். அந்தப் 'போகாமலே' எங்கள் எல்லோருக்கும் மிகவும் பிடித்துவிட்டது. பின்வீட்டுக் கொல்லையில் டேப்பைப் பிடித்துக்கொண்டு நிற்பதைவிட சைன், காஸ், டேன் மூன்றையும் மறுபடி மனப்பாடம் செய்வது மேல் என்றார் கணவர்.

பாகைமானியின் நேர்விளிம்பில் ஓர் உறிஞ்சுகுழல், நடுப்புள்ளியில் ஒரு நூல், நூல் நுனியில் மிக்ஸியிலிருந்து கழன்று விழுந்த நட்டு. இவ்வளவுதான் கருவி. மரத்தடியிலிருந்து 30 அடி தள்ளி எங்கள் வீட்டுப் பக்கமாக நின்று குழல் வழியாக உச்சியைப் பார்த்தாள். நூல் 40இல் நின்றது. கணவர் நாற்பது என்று எழுதப் போக, "அது நேர்குத்திலிருந்து எண்ணும் கோணம் அப்பா, 90இல் கழித்தால்தான் ஏற்றக்கோணம்" என்று பேனாவைப் பிடுங்கிக்கொண்டாள். டேன் 50 என்பது 1.19. அதை முப்பதால் பெருக்கி, அவள் கண் இருக்கும் உயரத்தையும் கூட்டினால் மரம் நாற்பதரை அடி.

அடுத்தது சுவர். மரத்தடியில் ஒரு ஸ்டூல், மதிலோரமாகவே 20 அடி தள்ளி இன்னொரு ஸ்டூல். டேப்பால் அளந்த இந்த 20 அடிதான் கணக்குக்கு 'அடிக்கோடு' என்றாள் மகள். குறி, பின்வீட்டுச் சுவரில் இறங்கும் மழைநீர்க் குழாய். மரத்தடியில் செங்கோணம், மறுமுனையில் 65 பாகை. இருபதை டேன் 65ஆல் பெருக்கினால் ஏறக்குறைய 43 அடி. மரம் விழுந்தாலும் சுவருக்கு இரண்டரை அடி மிச்சம்! அத்தை அன்று பாயசம் வைத்தார்.

இதோடு விட்டிருக்கலாம். ஆனால் மாடியில் நின்றால் பரங்கிமலை தெரிகிற வீட்டில், என் கணவரைப் போன்ற ஒருவர் முன்னால், அடிக்கோடு என்ற வார்த்தையை எடுக்கக் கூடாது. 1802 ஏப்ரலில் வில்லியம் லாம்டன் என்ற ஆங்கிலேய ராணுவ அதிகாரி அந்த மலையடியில்தான் இந்தியாவை அளக்க ஏழரை மைல் அடிக்கோடு போட ஆரம்பித்தார். சங்கிலியின் நீளம் 100 அடி. சீனப் பேரரசருக்குப் பரிசாகப் போய், அங்கே யாரும் மதிக்காததால் இந்தியா வந்து சேர்ந்த சங்கிலி அது. வெயிலில் இரும்பு நீளும் என்று பக்கத்திலேயே வெப்பமானி வைத்துத் திருத்தம் போட்டார்கள். அந்த ஒரு கோட்டை ஒழுங்காக அளந்துவிட்டால், பிறகு கோணங்களை வைத்தே முக்கோணம் முக்கோணமாகக் குமரியிலிருந்து இமயம் வரை போய்விடலாம். கோணம் பிசகக் கூடாது என்றுதான் அரை டன் எடையுள்ள தியோடலைட் என்ற கோணம் அளக்கும் கருவி. 1808இல் அதைத் தஞ்சைப் பெரிய கோயிலின் மேலே ஏற்றும்போது கயிறு அறுந்து மோதி நெளிந்துபோக, லாம்டன் தாமே உட்கார்ந்து அதைச் சரிசெய்தார்.

"கோயில் மேல் ஏறினால் அப்படித்தான் ஆகும்" என்றார் அத்தை.

இவ்வளவும் சொல்லிவிட்டு, "நம் அடிக்கோடு 20 அடிதான், ஸ்டூல் வேறு ஆடுகிறது, ஒரு பாகை பிசகினால் சுவர் இரண்டடி கிட்டே வந்துவிடும்" என்றார் கணவர். பாயசத்தைக் குடித்து முடித்த பிறகு சொன்னார் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

மறுநாள் இஸ்திரி அண்ணன் சட்டை மடிப்புக்குள் ஒரு தாள் கொண்டுவந்தார். தாளையும் தேய்த்திருந்தார். பின்வீட்டுப் பேரன் போட்ட கணக்கு. அவனும் பத்தாம் வகுப்பு, மகளுடைய டியூஷன்தான். மதிலுக்கு அந்தப் பக்கம், மரத்துக்கு 30 அடி தள்ளி நின்று அளந்திருக்கிறான். சுவர் 43 அடி என்பதில் தகராறு இல்லை. மரம் மட்டும் 46 அடியாம். "நம்மைக் கேட்காமல் நம் மரத்தை எப்படி அளக்கலாம்?" என்று அத்தை கொதித்தார். அவர்கள் சுவரை நாங்கள் யாரைக் கேட்டு அளந்தோம் என்று கேட்கும் துணிவு எனக்கு இல்லை.

டியூஷனில் பிள்ளைகள் இருவரும் இரண்டு தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். இரண்டு கணக்குமே மரம் செங்குத்தாக நிற்கிறது என்று நம்பிப் போட்டவை. தென்னை எந்த ஊரில் செங்குத்தாக நின்றது? அது பின்வீட்டுப் பக்கம் சாய்ந்திருக்கிறது. உச்சி கிட்டே வருவதால் அவர்கள் பக்கம் கோணம் கூடி மரம் வளர்ந்துவிட்டது, எங்கள் பக்கம் குட்டையாகிவிட்டது. இரண்டையும் சேர்த்துத் தீர்த்ததில் சாய்வு இரண்டடி, உயரம் 43 அடி என்று வந்தது.

மரம் 43. சுவர் 43. இதை வைத்துக்கொண்டு யார் யாரோடு சண்டை போடுவது?

பின்வீட்டார் சமரசத்துக்கு இறங்கினார். மரத்தை வெட்ட வேண்டாம், உச்சியில் இரண்டடி மட்டும் கழித்தால் போதுமாம். இஸ்திரி அண்ணன் சொல்லி முடிப்பதற்குள் அத்தை கொல்லைக்குப் போய், கணக்குப் போட்ட அதே ஸ்டூலில் ஏறி மதிலைப் பிடித்துக்கொண்டார். "தென்னைக்கு இருப்பது ஒரே குருத்து! தலையை எடுத்தால் மரம் செத்துப்போகும் என்பதுகூடத் தெரியாமலா மாடி கட்டினீர்கள்?"

முருங்கைக்குப் பிறகு நேராகப் போன முதல் வார்த்தை. மாடியில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.

"தெரியாமல் என்ன அண்ணி? அண்ணன் நட்டபோது குழியில் உப்புக் கொட்டியதே நான்தானே" என்றார் அவர்.

அத்தை மரத்தைப் பார்த்தார். "நீங்கள்தானா? இரண்டு படி கொட்டினீர்கள், அதனால்தான் இப்படி வளர்ந்து தொலைத்திருக்கிறது."

"ஒரு படிதான் அண்ணி."

"இரண்டு படி. என் சமையலறை உப்பு, எனக்குத் தெரியாதா?"

விளக்கு வைத்த பிறகும் அது தீரவில்லை. நாளைக்குக் கணக்குத் தேர்வு, ஸ்டூலில்தான் உட்கார்ந்து படிக்க வேண்டும், பாட்டியை இறங்கச் சொல்லுங்கள் என்று மகள் என்னை அனுப்புகிறாள். நான் போவதாக இல்லை. இஸ்திரி அண்ணன் போகட்டும்.