பகடை உருட்டிக் கேட்ட கேள்வி: ஆராய்ச்சி நேர்மை ஆய்வுக்கு மானியம் வாங்கிய அனுபவம்

ஆராய்ச்சியில் நடக்கும் தில்லுமுல்லுகளை ஆராய்வதற்கும் யாராவது பணம் கொடுப்பார்களா? ஊரிலிருந்து பேசும் நண்பர்கள் கேட்கிறார்கள். கொடுப்பார்கள். தொகை சிறியது, பல வருடம் அலைய வேண்டும், ஆனால் கிடைக்கும். அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றில் சமூகவியல் துறையில் இருக்கும் எனக்கு அது இரண்டாவது முயற்சியில் கிடைத்தது. இதே வழியில் வர நினைப்பவர்களுக்கு உதவும் என்று எழுதுகிறேன்.

இங்கே மத்திய சுகாதாரத் துறையின் கீழ் ஆராய்ச்சி நேர்மை அலுவலகம் ஒன்று 1992 முதல் இருக்கிறது. ஓ.ஆர்.ஐ. என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். மோசடிப் புகார்களின் விசாரணையை மேற்பார்வையிடுவது அதன் முக்கிய வேலை. கூடவே, மோசடி ஏன் நடக்கிறது, எப்படித் தடுக்கலாம் என்று ஆராய்கிறவர்களுக்கும் 2000-களின் தொடக்கத்திலிருந்து பணம் கொடுத்து வந்திருக்கிறது. 2005-இல் நேச்சர் இதழில் வந்த புகழ்பெற்ற ஆய்வு அப்படி வந்த பணத்தில் நடந்ததுதான். 3,247 விஞ்ஞானிகளைக் கேட்டதில், மூன்று பேரில் ஒருவர் முந்தைய மூன்று ஆண்டுகளில் பட்டியலில் இருந்த பத்துப் பெரிய தவறுகளில் ஒன்றையாவது செய்ததாக ஒப்புக்கொண்டார். தேசிய அறிவியல் அறக்கட்டளையும் நெறிமுறை ஆய்வுகளுக்கென்று தனித் திட்டம் நடத்தியிருக்கிறது.

என் திட்டம் எளிமையானதுதான். ஆய்வுக்கூடங்களில் வேலை செய்யும் இளம் ஆய்வாளர்களிடம், தரவை இட்டுக்கட்டியது உண்டா, திரித்தது உண்டா என்று கேட்க வேண்டும். அரசு விதிப்படி இட்டுக்கட்டல், திரித்தல், கருத்துத் திருட்டு மூன்றும்தான் மோசடி; தெரியாமல் நேர்ந்த பிழை அதில் சேராது. இந்த வரையறையைக் கேள்வித்தாளில் அப்படியே பிடித்துக்கொள்ளுங்கள். என் முதல் வரைவில் எல்லாவற்றையும் போட்டுக் குழப்பியிருந்தேன்.

கேள்வித்தாளை முதலில் உயிரியல் துறையில் இருக்கும் தம்பி ஒருவரிடம் காட்டினேன். திருச்சிப் பக்கம், விசாவில் வந்திருப்பவர். கடைசிப் பக்கம் வரை பொறுமையாகப் படித்தார். பிறகு கேட்டார்: “அக்கா, நான் இதுல ஆமான்னு போட்டா, அதுக்கப்புறம் நீங்க என்ன பண்ணுவீங்க?”

என்னிடம் பதில் இல்லை. எங்கள் பல்கலைக்கழக விதிப்படி, மோசடி தெரியவந்தால் ஊழியர் புகார் செய்தாக வேண்டும். நானும் ஊழியர்தானே. நம்பிச் சொன்னவரை நானே காட்டிக்கொடுக்கிற நிலை. அன்று இரவே அந்தக் கேள்வித்தாளைத் தூக்கிப் போட்டுவிட்டேன்.

வழி பகடையில் இருந்தது. புள்ளியியலில் 1965 முதல் இருக்கும் உத்தி இது. பதில் சொல்பவர் இரண்டு பகடைகளை உருட்ட வேண்டும். கூட்டுத்தொகை என்ன என்று எங்களிடம் சொல்லக் கூடாது. 2, 3, 4 விழுந்தால் உண்மை எதுவானாலும் ‘ஆம்’. 11, 12 விழுந்தால் ‘இல்லை’. 5 முதல் 10 வரை விழுந்தால் மட்டும் உண்மையைச் சொல்ல வேண்டும். இப்போது ஒருவர் ‘ஆம்’ என்று போட்டிருந்தால் அது ஒப்புதலா, பகடை சொன்னதா என்று யாருக்கும் தெரியாது. ஆனால் மொத்தக் கணக்கு தெரியும். ஆறில் ஒரு பங்கு பேர் பகடைக்காகவே ‘ஆம்’ போடுவார்கள். நான்கில் மூன்று பங்கு பேர் உண்மை சொல்வார்கள். நாங்கள் முதலில் திட்டமிட்ட 600 பேரில் 120 பேர் ‘ஆம்’ என்றால், பகடைக்காக 100 பேரைக் கழிக்க வேண்டும். மீதி 20, உண்மை சொன்ன 450 பேரில். அதாவது சுமார் 4.4 சதவீதம்.

நெதர்லாந்தில் பல பல்கலைக்கழகங்கள் ஒத்துழைக்க மறுத்தும் நடத்தி முடித்த தேசிய ஆய்விலும் இதே வகை உத்திதான். 6,813 பேர் பதில் சொன்னார்கள். இட்டுக்கட்டியோ திரித்தோ இருக்கிறார்கள் என்று வந்த கணக்கு 8 சதவீதத்தை ஒட்டி இருந்தது.

இதை எங்கள் நெறிமுறைக் குழுவுக்கும் சட்டப் பிரிவுக்கும் புரியவைக்க நான்கு மாதம் ஆனது. ‘ஆம்’ என்பது ஒப்புதல் இல்லை, ஆகவே புகார் செய்ய எதுவும் இல்லை என்று மூன்று கூட்டங்களில் விளக்கினேன். மூன்றாவது கூட்டத்துக்கு இரண்டு பகடைகளைக் கையோடு கொண்டுபோய் மேசையில் உருட்டச் சொன்னேன். அதற்கப்புறம்தான் கையெழுத்து விழுந்தது. பெயர், கணினி முகவரி எதையும் சேமிக்க மாட்டோம் என்று எழுதிக் கொடுத்தோம். பங்கேற்பாளரின் அடையாளத்தை நீதிமன்றம் கேட்டாலும் காக்கும் ரகசியச் சான்றிதழ் ஒன்று இருக்கிறது. அதையும் விண்ணப்பத்தில் குறிப்பிட்டோம். இந்தப் பகுதியைக் கடைசி வாரத்துக்குத் தள்ளாதீர்கள்.

அடுத்தது முன்னோட்டம், அதாவது சிறிய அளவில் ஒரு சோதனைக் கணக்கெடுப்பு. 412 பேருக்கு அனுப்பினோம், பதில் வந்தது 61. பதினைந்து சதவீதம்கூட இல்லை. மூத்தவர் ஒருவர், நல்லெண்ணத்தோடுதான், யோசனை சொன்னார்: “இணைப்பைத் திறந்து பார்த்தவர்கள் 138 பேர்தானே, அதை வைத்துக் கணக்குப் போட்டால் 44 சதவீதம் வரும்.” எல்லோரும் செய்வதுதான் என்றார். எனக்கு எரிக் போல்மன் நினைவு வந்தது. வெர்மான்ட்டில் இருந்த ஆய்வாளர். மானிய விண்ணப்பத்தில் பொய்த் தரவு கொடுத்ததற்காக 2006-இல் சிறை சென்றவர். என் விஷயம் அந்த அளவுக்கு இல்லைதான். ஆனாலும் நான் கேட்கப் போகும் கேள்வியே இதைப் பற்றியது அல்லவா? 412 என்றே எழுதினேன்.

முதல் முறை கிடைக்கவில்லை. மதிப்பீட்டாளர்களில் ஒருவர் குறைந்த பதில் விகிதத்தைச் சுட்டிக்காட்டியிருந்தார். வருத்தமாக இருந்தது, மறுக்க முடியவில்லை. இன்னொருவர் சொன்னது பெரிய உதவி: பகடை கலந்தால் பிழை வரம்பு விரியும், 600 பேர் போதாது. சரியான பேச்சு. போட்டுப் பார்த்தேன், அந்த 4.4 உண்மையில் ஏறக்குறைய பூஜ்யமாகவும் இருக்கலாம், 8-க்கு மேலும் இருக்கலாம். மறுமுறை நான்கு பல்கலைக்கழகங்களைச் சேர்த்து 2,400 பேர் என்று திட்டமிட்டோம். பிழை வரம்பு பாதியானது.

பணம் பற்றியும் சொல்லிவிடுகிறேன். மொத்தம் 1,48,000 டாலர். அதில் பல்கலைக்கழகத்தின் மறைமுகச் செலவுக்கே (கட்டடம், நிர்வாகம் போன்றவை) 50,000-க்கு மேல் போய்விடும். மீதியில் ஒரு மாணவரின் சம்பளம், ஒரு புள்ளியியலாளரின் சில மாத நேரம், பகடை. ஆமாம், செலவுப் பட்டியலில் பகடைக்கென்று தனியாக ஒரு வரி எழுதினோம். கணினித் திரையில் உருளும் பகடையை யாரும் நம்பவில்லை, பதிவாகிறது என்று நினைக்கிறார்கள். நிஜப் பகடை வேண்டும். தபாலில் அனுப்பினால் முகவரி நம்மிடம் இருக்கும். அதனால் ஒவ்வொரு துறையிலும் தபால் பெட்டிகளுக்குப் பக்கத்தில் ஒரு கிண்ணம் வைத்தோம், வேண்டியவர் எடுத்துக்கொள்ளட்டும் என்று.

போன திங்கட்கிழமை உயிரியல் துறைக்குப் போயிருந்தேன். கிண்ணத்தில் 40 ஜோடி வைத்திருந்தோம். எண்ணிப் பார்த்தேன், 11 மீதம் இருந்தது.