ஹெம்லாக் இருட்டுக்குள்ள மாஸை (தரைப்பாசியை) வச்சே எல்லைக் கோடு போட்டாச்சு

எது ஏழை மண், எது சத்துள்ள மண்ணுன்னு செடிகளை வச்சு எல்லை பிரிக்கற வேலை, ரொம்ப நாளா இழுத்துக்கிட்டு இருந்த அந்தச் சரிவுல ஒரு வழியா முடிஞ்சது. கனடாவுல நார்த் வான்கூவர்ல லின் பள்ளத்தாக்குக்கு மேல இருக்கற காடு, பழைய சீடர் மரம் எல்லாத்தையும் வெட்டுனப்புறம் தானா முளைச்சு வந்த வெஸ்டர்ன் ஹெம்லாக்ங்கற ஊசியிலை மரம் தான் முக்கால்வாசி. மேட்டுல சலால் புதர், பள்ளத்துச் சேத்துல ஸ்கங்க் கேபேஜ் செடி, இது ரெண்டும் யார் பார்த்தாலும் தெரியும். சிக்கல் நடுவுல. அங்க ஹெம்லாக் அவ்ளோ நெருக்கமா நிக்குது, புதர்னு ஒண்ணுமே இல்ல, ஸ்வோர்ட் ஃபெர்ன்ங்கற பெரணிச் செடி கூட அங்கொண்ணு இங்கொண்ணு தான். ஏழை மண் எங்க முடியுது, சத்துள்ள மண் எங்க ஆரம்பிக்குதுன்னு சொல்ல தரையில மிச்சம் இருக்கறது மாஸ் மட்டும் தான்.

அந்த மாஸ்லயும் எதை எண்ணணும் எதை விடணும்ங்கறது தான் உயிரை வாங்குற வேலை. இந்தக் காட்டுல தரைன்னு நாம நினைக்கறதுல பாதி மக்கிப்போன மரம். மாஸ் மூடிட்டா கண்ணுக்கு எல்லாம் ஒண்ணு தான். ஆனா மக்குன கட்டை மேல வளர்றது கட்டையோட கதையைத் தான் சொல்லும், கீழ இருக்கற மண்ணோட கதையை இல்ல. ரெட் ஹக்கிள்பெர்ரி புதர் பழைய சீடர் அடிக்கட்டை மேல ஏறி நிக்கறதைப் பார்த்து இந்த இடம் ஏழை மண்ணுன்னு எழுதுனா மொத்த ஷீட்டும் போச்சு. அதனால கயிறு கட்டி அளந்த மாதிரி எடுத்துக்கிட்ட 20க்கு 20 மீட்டர் சதுரத்துல, அதான் பிளாட்ல, ஒவ்வொரு மாஸ் திட்டையும் விரலால அமுக்கிப் பார்த்தேன். மெத்துன்னு உள்ள போயி செவப்பு செவப்பா தூள் ஒட்டுனா கட்டை, அதை ஷீட்ல தனிக் கட்டத்துல எழுதணும். மண்ணுலயும் மட்குலயும் இருக்கறதுக்கு மட்டும் தான் கவர் சதவீதம், அதாவது தரையில எவ்ளோ பங்கை மூடியிருக்குங்கற கணக்கு. இதைச் செய்யாம எடுக்கற ரிலேவே (பிளாட்ல இருக்கற செடிகளோட பதிவு) எதையும் நான் நம்பறதில்ல.

அடுத்து லென்ஸ். பார்க்குக்குள்ள பறிக்கக் கூடாது, அதனால முட்டி போட்டு மூக்கு தரையில படற மாதிரி குனிஞ்சு தான் பார்க்கணும். ஸ்டெப் மாஸும் லேங்கி மாஸும் ரெண்டுக்குமே தண்டு செவப்பு, நனைஞ்சு கிடந்தா தூரத்துலேர்ந்து குழப்பும். 10எக்ஸ் லென்ஸ்ல ஸ்டெப் மாஸ் தண்டு முழுக்க பொடிப்பொடியா பச்சை முடி தெரியும், அதோட போன வருஷத்துக் கிளையோட முதுகுலேர்ந்து இந்த வருஷக் கிளை படி மாதிரி கிளம்பும். லேங்கி மாஸ்ல தண்டு மொழுக்குன்னு இருக்கும், இலை எல்லாம் ஒரே பக்கமா வளைஞ்சு நிக்கும். இது ரெண்டும், கூட வெளிறுன பச்சையில தட்டையா படுத்துக் கிடக்கற பிளேஜியோதீசியம் மாஸும் இருந்தா புளிப்பான மட்கு, சத்து கம்மி.

சரிவுல இறங்க இறங்க இதுங்க குறைஞ்சு ஒரு இடத்துல சத்துள்ள மண்ணைக் காட்டற மாஸ், பிளேஜியோம்னியம் இன்சிக்னே எட்டிப் பார்த்துச்சு பாருங்க, அந்த சந்தோஷம்! இலை பெருசு, ஓரத்துல பல், வெளிச்சத்துக்கு எதிரா பிடிச்சுப் பார்த்தா கண்ணாடி மாதிரி, செல் செல்லா லென்ஸ்லயே தெரியுது. நாலடி தள்ளி லூகோலெபிஸ்ங்கற இன்னொரு மாஸ், குட்டித் தண்டு நேரா நின்னு உச்சியில மட்டும் கிளை விரிச்சு. ரெண்டும் கட்டையில இல்ல, மண்ணுல. கோடு அங்க தான். தோண்டவும் அனுமதி கிடையாதுங்கறதால, வேரோட சாஞ்சு கிடந்த மரங்களோட வேர்த் தட்டுல மண்ணைப் பார்த்தேன். மேல சாஞ்சதுல தடிமனான மட்குக்குக் கீழ சாம்பல் கலர் அடுக்கு பளிச்சுனு தெரியுது, கீழ சாஞ்சதுல அந்த சாம்பலே இல்ல, கருப்பா பொலபொலன்னு ஈரமா இருக்கு. மேல ஏழை, கீழ சத்துன்னு மாஸ் சொன்னதும் மண் சொன்னதும் ஒத்துப்போச்சு.

தாவரவியல் பேராசிரியர் விளாடிமிர் க்ரயினா 1949ல யுபிசிக்கு (பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்துக்கு) வந்து, மரம் மட்டும் பார்த்தா பத்தாது, தரைச்செடி, மாஸ், மண், தட்பவெப்பம் எல்லாத்தையும் சேர்த்துப் பார்க்கணும்னு ஆரம்பிச்சு வச்சது தான் இன்னிக்கு பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணம் முழுக்க 16 சூழல் மண்டலமா நிக்குது. 1971ல ஈகாலஜிக்கல் ரிசர்வ் (இயற்கைக் காப்பிடம்) சட்டம் வர்றதுக்குப் பாடுபட்டதும் அவர் தான். இந்த மழைக்காட்டுல மாஸை ஓரமா ஒதுக்கிட்டு வெறும் மரப்பட்டியல் போடறவங்களைப் பார்த்தா எனக்கு நிஜமாவே கோவம் வருது.

லென்ஸ் வாங்கறவங்களுக்கு ஒண்ணு. 20எக்ஸ் வேணும்னு ஆசை வரும், வேணாம். அரை இன்ச்சு தூரத்துல ஃபோகஸ் ஆகும், நம்ம தலையே வெளிச்சத்தை மறைச்சிடும், மழைத் தண்ணி வேற கண்ணாடியில ஏறும். நல்ல 10எக்ஸ் ட்ரிப்லெட் (மூணு கண்ணாடி ஒட்டுன லென்ஸ்) போதும், கழுத்துல கயிறு கட்டி மாட்டிக்கோங்க. ஆன்லைன்ல ஒரு கடையில வாங்குன வாட்டர்ப்ரூஃப் நோட்டு முதல் மழைக்கே ஊறி பக்கம் பக்கமா ஒட்டிக்கிச்சு, இப்ப பென்சிலும் நல்ல மழைத்தாளும் மட்டும் தான்.

ஈடடோபிக் கிரிட்ல, அதாவது மண்ணோட ஈரத்தை எண்ணாலயும் சத்தை எழுத்தாலயும் குறிக்கற கட்டத்துல, இன்னும் புள்ளி வைக்கல. மேல் பிளாட் ஈரம் 4, சத்து B, கீழது ஈரம் 5, சத்து D-ன்னு இப்போதைக்கு எழுதி வச்சிருக்கேன். அதுக்குள்ள மனசு மேல மவுண்டன் ஹெம்லாக் மண்டலத்துக்குப் போயிடுச்சு, ரிட்டிடியாப்சிஸ் ரோபஸ்டாங்கற மாஸ் எந்த உயரத்துல ஆரம்பிக்குதுன்னு பார்க்கணும், பனி உருகற வரைக்கும் அங்க ஏற முடியாது. அதுக்கு முன்னாடி பள்ளத்து ஸ்கங்க் கேபேஜ் எல்லையை முடிச்சிடணும். வசந்தம் ஆரம்பத்துல மஞ்சளா பூத்து நிக்கும்போது போனா டேப் பிடிச்சு அளக்கறது சுலபம், இலை பெருசாகி விரிஞ்சிட்டா சேத்துல கால் எங்க வைக்கறதுன்னே தெரியாது. லேடி ஃபெர்ன் பெரணி அங்க எவ்ளோ தூரம் மேல ஏறுதுன்னும் அப்பவே குறிச்சுக்கணும்.