ரிச்சர்ட் ஃபாஸ்டரின் கணக்கை மறைத்தது யார்?

எங்கள் ஆபீஸில் புதிதாகச் சேரும் பிள்ளைகளிடம் ரிச்சர்ட் ஃபாஸ்டரைப் பற்றி நான் கட்டாயம் பேசுவேன். பெரும்பாலானவர்களுக்கு அந்தப் பெயரே தெரியாது. ஹார்ட்ஃபோர்டில் காப்பீட்டு நிறுவனம் ஒன்றில் ஆக்சுவரியாக இருக்கிறேன். இன்று கொடுக்கும் வாக்குறுதிக்குப் பத்து, இருபது வருடம் கழித்து எவ்வளவு செலவாகும் என்று கணக்குப் போட்டுச் சொல்வதுதான் எங்கள் வேலை. ஃபாஸ்டர் அதே வேலையை, முதியோருக்கான அமெரிக்க அரசின் மருத்துவக் காப்பீடான மெடிகேர் திட்டத்துக்குச் செய்தவர். 1995 முதல் பல வருடம் அதன் தலைமை ஆக்சுவரியாக இருந்தார்.

2003இல் புஷ் அரசு, மெடிகேரில் இருக்கும் முதியோருக்கு மருந்துச் செலவையும் சேர்த்துத் தரும் மசோதாவைக் கொண்டுவந்தது. பத்து வருடத்துக்கு 400 பில்லியன் டாலர், அதாவது 40,000 கோடி டாலர், என்று பட்ஜெட்டில் வரம்பு வைத்திருந்தார்கள். நாடாளுமன்றத்தின் பட்ஜெட் அலுவலகம் 395 பில்லியன் என்று கணித்தது. ஆளும் குடியரசுக் கட்சியிலேயே 13 உறுப்பினர்கள், 400ஐத் தாண்டினால் ஆதரிக்க மாட்டோம் என்று சொல்லியிருந்தார்கள்.

ஃபாஸ்டரின் கணக்கு 500 பில்லியனுக்கு மேலே போனது.

அது வெளியே வரவில்லை. மசோதாவைப் பற்றி எதிர்க்கட்சியினர் கேட்ட விவரங்களைத் தயார் செய்தபோது, மெடிகேர் நிர்வாகியாக இருந்த தாமஸ் ஸ்கல்லியின் அனுமதி இல்லாமல் எதையும் கொடுக்கக் கூடாது என்று உத்தரவு வந்தது. கொடுத்தால் வேலை போய்விடும் என்று மிரட்டினார் என்பது ஃபாஸ்டர் சொன்னது. அந்த ஜூன் மாதம் ஸ்கல்லியின் உதவியாளர் அனுப்பிய மின்னஞ்சலிலும், கீழ்ப்படியாவிட்டால் விளைவு மிகக் கடுமையாக இருக்கும் என்ற எச்சரிக்கை இருந்தது. ராஜினாமா செய்துவிடலாமா என்றுகூட ஃபாஸ்டர் யோசித்திருக்கிறார். ஆனால் பதவியில் நீடித்தார்.

நவம்பர் 22 அதிகாலை 3 மணிக்குப் பிரதிநிதிகள் சபையில் வாக்கெடுப்பு தொடங்கியது. வழக்கமாக 15 நிமிடத்தில் முடிகிற விஷயம். மசோதா தோற்கிற நிலையில் இருந்ததால் கிட்டத்தட்ட மூன்று மணி நேரம் முடிக்காமல் இழுத்துப் பிடித்தார்கள். சபைக்குள்ளேயே உறுப்பினர்களைச் சூழ்ந்துகொண்டு வற்புறுத்தினார்கள். மிச்சிகனைச் சேர்ந்த நிக் ஸ்மித்தின் மகன் அப்போது தேர்தலில் நிற்கத் தயாராகிக்கொண்டிருந்தார். ஸ்மித் ஆதரித்து ஓட்டுப் போட்டால் மகனை ஆதரிக்கிறேன் என்று பெரும்பான்மைத் தலைவர் டாம் டிலே பேரம் பேசியதற்காக, அடுத்த வருடம் சபையின் நெறிமுறைக் குழு அவரைக் கண்டித்தது. ஸ்மித் அசையவில்லை, எதிர்த்தே ஓட்டுப் போட்டார். மசோதா 220க்கு 215 என்று நிறைவேறியது. இவ்வளவும் நடக்கும்போது, வாக்களித்தவர்கள் பார்த்திருக்க வேண்டிய கணக்கு மெடிகேர் அலுவலகத்தில் கிடந்தது.

டிசம்பர் 8 அன்று புஷ் கையெழுத்திட்டார். அடுத்த மாதமே அவருடைய அரசு, செலவு 534 பில்லியன் ஆகும் என்று அறிவித்தது.

அந்தச் சட்டத்தின் குறைகளை என் வீட்டிலேயே பார்த்தேன். 2006இல் திட்டம் நடைமுறைக்கு வந்தபோது ஒரு வருடத்து மருந்துச் செலவு 2,250 டாலரைத் தொட்டதும் உதவி நின்றுவிட்டது. 5,100ஐத் தாண்டிய பிறகுதான் திரும்ப வந்தது. நடுவில் முழு விலையும் நம் கையிலிருந்து. பிரீமியம் மட்டும் மாதாமாதம் கட்டிக்கொண்டே இருக்க வேண்டியிருந்தது. இங்கே எல்லோரும் அதை டோனட் ஹோல் என்பார்கள். என் மாமியார் அந்த மாதங்களில் சர்க்கரை மாத்திரையைப் பாதியாக உடைத்துச் சாப்பிட்டிருக்கிறார். எங்களுக்குச் செலவு வைக்கக் கூடாதாம். “ஜனவரி வந்தா சரியாயிடும்மா” என்றார். எனக்கு வந்த கோபத்தை அவர் மேல் காட்ட முடியுமா?

அதைவிடப் பெரிய குறை, மருந்துக் கம்பெனிகளோடு அரசு விலை பேசக் கூடாது என்று சட்டத்திலேயே எழுதி வைத்தது. அதை எழுதியதில் முக்கியப் பங்கு வகித்த பிரதிநிதிகள் சபை உறுப்பினர் பில்லி டாஸின், 2005 ஜனவரியில் மருந்துக் கம்பெனிகளின் சங்கத் தலைவராகப் போய் உட்கார்ந்தார். விலை பேச வழிசெய்யும் சட்டம் வர 2022 ஆனது. செலவு இவ்வளவு என்று நவம்பரிலேயே தெரிந்திருந்தால், விலையைக் குறைக்க ஏன் வழி வைக்கவில்லை என்ற கேள்வியைத் தவிர்ப்பது அவர்களுக்குச் சுலபமாக இருந்திருக்காது. எனக்கு ஆறாத வருத்தம் அதுதான்.

இதைச் சொல்லும்போதெல்லாம் யாராவது ஒருவர், ஃபாஸ்டரின் கணக்கே தப்பாகத்தானே போனது என்பார். உண்மைதான். விலை குறைந்த ஜெனரிக் மருந்துகள் நிறைய வந்தன, எதிர்பார்த்ததைவிடக் குறைவானவர்களே சேர்ந்தார்கள், செலவு 395 பில்லியனுக்கும் கீழேயே நின்றது. ஆனால் 2003இல் அது யாருக்கும் தெரியாது. கையில் இருந்த தரவை வைத்து ஒரு ஆக்சுவரி நேர்மையாகச் சொல்லும் எண்ணை, சபையில் எல்லோர் முன்னாலும் கேள்வி கேட்கலாம், அடித்து நொறுக்கலாம். சொல்லவே விடாமல் வாயை அடைப்பதை எப்படி ஏற்பது?

2004 மார்ச்சில் ஃபாஸ்டர் நடந்ததை வெளியே சொன்னார். சபைக் குழு முன்னாலும் சாட்சியம் கொடுத்தார். சுகாதாரத் துறையின் உள்விசாரணை, மிரட்டியது உண்மை, ஆனால் சட்டமீறல் இல்லை என்றது. அரசின் தணிக்கை அமைப்பு அதை ஏற்கவில்லை. ஊழியர் ஒருவரை நாடாளுமன்றத்தோடு பேசவிடாமல் தடுத்த அதிகாரிக்கு அரசுப் பணத்தில் சம்பளம் தரக் கூடாது என்று சட்டம் இருக்கிறது, ஸ்கல்லியின் சம்பளத்தைத் திரும்ப வாங்குங்கள் என்றது. அவரோ அதற்குள் பதவியை விட்டுத் தனியார் வேலைக்குப் போய்விட்டார்.

2010இல் ஒபாமாவின் சுகாதாரச் சட்டத்துக்கும் ஃபாஸ்டர்தான் கணக்குப் போட்டார். நாட்டின் மொத்த மருத்துவச் செலவு பத்து வருடத்தில் 311 பில்லியன் கூடும் என்றும், மெடிகேரில் காட்டும் மிச்சம் நிலைக்குமா என்பது சந்தேகம் என்றும் எழுதினார். அந்த அரசுக்கு அது பிடித்திருக்காது. ஆனாலும் அந்த அறிக்கை வெளியே வந்தது, எல்லோரும் படித்தோம்.

ஆனால் அது அந்தந்த ஆட்சியின் மனதைப் பொறுத்ததாக இருக்கக் கூடாது. தலைமை ஆக்சுவரியைத் தக்க காரணமில்லாமல் நீக்கக் கூடாது என்று 1997 சட்டம் சொல்கிறது. நாடாளுமன்றம் கேட்டால் அவர் நேரடியாகப் பதில் தர வேண்டும் என்ற எதிர்பார்ப்பை மட்டும் சட்டத்தில் எழுதாமல், அதோடு வந்த குழு அறிக்கையில் எழுதினார்கள். அந்த இடைவெளியைக் காட்டித்தான் 2004இல் நீதித் துறை ஸ்கல்லியின் உத்தரவை நியாயப்படுத்தியது. எந்தக் கட்சி உறுப்பினர் கேட்டாலும், மேலிடத்து அனுமதி இல்லாமல் ஆக்சுவரி பதில் தரலாம் என்ற ஒரு வரியைச் சட்டத்துக்குள்ளேயே சேர்க்க வேண்டும். எங்கள் தொகுதி உறுப்பினருக்கு இதைத்தான் எழுதி அனுப்பியிருக்கிறேன். அமெரிக்காவில் ஓட்டுரிமை உள்ளவர்கள் நீங்களும் எழுதுங்கள்.