தைப்பூச வெயிலில் வெந்த அத்திப் பட்டை

2025 பிப்ரவரி 11, தைப்பூசம். மலேசியாவின் பினாங்கில், தண்ணீர்மலை முருகன் கோயிலில் சாமி கும்பிட்டுவிட்டுப் பட்டர்வொர்த் வீட்டுக்குத் திரும்பி, வாசல் குழாயில் கால் கழுவ உட்கார்ந்தேன். எதிரே அத்தித் தொட்டி. உட்கார்ந்த உயரத்தில் கண் நேராக அடிமரத்தில் போய் நின்றது. மண்ணிலிருந்து ஒரு சாண் உயரம் வரை பட்டை உள்வாங்கியிருந்தது. சுற்றியுள்ள பட்டை சாம்பல் பூசியதுபோல் வெளிறி வழவழவென்று இருக்க, அந்தப் பட்டை மட்டும் உலர்ந்த புளியம்பழத் தோலின் நிறத்தில் சுருங்கிக் கிடந்தது. கட்டை விரலால் அழுத்தினேன். மெத்தென்று இறங்கியது. நகத்தால் தட்டினால் பொத்தல் மூங்கிலின் ஒலி. ஈரக் காலோடு அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

நான்கு ஆண்டுகள் வளர்த்த மரம். மசுயி டோஃபின் என்ற வகை. பக்கத்து வீட்டு மாக்சிக் (மலாய்ப் பெரியம்மா) கொடுத்த ஒரு முழக் குச்சியிலிருந்து வந்தது. மலாயில் இதற்குப் புவா தீன் என்று பெயர். குர்ஆனில் ஒரு அத்தியாயமே இதன் பெயரில் இருப்பதால் மலாய்க்காரர்கள் வீடுகளில் இந்த மரத்துக்குத் தனி மதிப்பு உண்டு. நம் ஊர்ப்பக்கம் ஆற்றோரம் வளர்ந்து அடிமரத்திலேயே கொத்துக் கொத்தாய்க் காய்க்கிற நாட்டு அத்தி வேறு, இந்தச் சீமை அத்தி வேறு. இரண்டும் ஒரே குலம், அவ்வளவுதான்.

பினாங்கில் அத்திக்குப் பகை குளிர் இல்லை, மழை. செப்டம்பரில் தொடங்கி நவம்பர் வரை கொட்டும் மழையில் இலையின் அடிப்பக்கம் துரு படிந்ததுபோல் ஆகி ஒவ்வொன்றாக உதிரும். தொட்டி மண் காய நேரமின்றி வேர் அழுகும். அதனால் தீபாவளி முடிந்ததும் மூன்று தொட்டிகளையும் வீட்டுக்குப் பின்னால் துத்தநாகத் தகரக் கூரையின் கீழ் தள்ளிவிடுவேன். கிளைகளையும் கவாத்து செய்து குட்டையாக்கிவிடுவேன். பொங்கலுக்கு மறுநாள், ஜனவரி 15 அன்று, மழை நின்று வானம் வெளுத்திருந்தது. ஆசையோடு மூன்றையும் ஒரே நாளில் வாசலுக்கு இழுத்துவந்து முழு வெயிலில் வைத்தேன். பிழை அங்கேதான் நடந்தது.

பத்து வாரங்களாக அந்த மரத்துக்கு வெளிச்சம் ஒரு பக்கத்திலிருந்துதான் வந்தது. சுவர்ப் பக்கம் இருந்த பட்டை வெயிலையே பார்க்கவில்லை. வாசலில் வைக்கும்போது தொட்டி திரும்பிவிட்டது. சுவரைப் பார்த்திருந்த அந்த இளம்பட்டை தென்மேற்கை நோக்கி நின்றது. பினாங்கு நிலநடுக்கோட்டுக்கு வடக்கே சுமார் 5 பாகையில் இருக்கிறது. தை மாதத்தில் சூரியன் நம் உச்சிக்குத் தெற்கே சாய்ந்து போகும். ஆகவே பிற்பகல் வெயில் முழுவதும் தென்மேற்குப் பக்கத்தில் இறங்குகிறது. மேலே நிழல் தர இலையும் இல்லை. நான்கு வாரத்தில் பட்டை வெந்துவிட்டது. மற்ற இரண்டு தொட்டிகளும் தற்செயலாகச் சரியான பக்கம் திரும்பி நின்றதால் தப்பின.

டொராண்டோவில் இருக்கும் சின்னம்மா மகனுக்குப் படம் அனுப்பினேன். அவனும் அத்தி வளர்க்கிறான். நவம்பரில் கார் கொட்டகைக்குள் வைத்து ஏப்ரலில் வெளியே எடுப்பான். “அண்ணே, இங்கேயும் தென்மேற்குப் பக்கம்தான் வெடிக்கும்” என்று எழுதினான். அங்கே காரணம் வேறு. குளிர்காலத்தில் பகல் வெயில் அந்தப் பக்கத்துப் பட்டையைச் சூடாக்கி விழிக்க வைக்கிறது. பொழுது சாய்ந்ததும் உறைபனி அதைக் கொல்கிறது. போதாக்குறைக்குக் கொட்டகை எலி அடிமரத்தைக் கொறித்துவிடுமாம். பனியே காணாத ஊரில் என் மரத்துக்கும் அதே பக்கத்தில் காயம் என்பது எனக்கு வியப்பாக இருந்தது.

அன்று மாலையே கத்தியோடு உட்கார்ந்தேன். அம்மா தடுத்தார். அம்மாவுக்கு 76 வயது. கெடா மாநிலத்தில் ஒரு தோட்டத்தில் இருபது ஆண்டுகளுக்கு மேல் பால்மரம் வெட்டியவர், அதாவது ரப்பர் மரத்தின் பட்டையைச் சீவிப் பால் எடுத்தவர். குனிந்து பார்த்தார், விரலால் தடவினார், ஓரிடத்தில் நகத்தைப் பதித்துச் சுரண்டினார். பச்சை தெரிந்தது, உடனே வெள்ளைப் பால் துளிர்த்தது. இரண்டு விரற்கடை தள்ளிச் சுரண்டினார். பழுப்புத்தான்; பால் இல்லை. நடுவில் ஓரிடத்தில் பச்சையும் இல்லாமல் பழுப்பும் இல்லாமல் மங்கலாக இருந்தது.

“இது இன்னும் முடிவு செய்யவில்லை. இப்போது வெட்டினால் பிழைக்க இருப்பதையும் சேர்த்து வெட்டிவிடுவாய். மரம் கோடு போடட்டும், பிறகு வெட்டலாம் ஐயா” என்றார்.

காத்திருந்தேன். தொட்டியைக் காலை வெயில் மட்டும் படும் இடத்துக்கு மாற்றினேன். பச்சைக்கும் பழுப்புக்கும் இடைப்பட்ட எல்லையில் பேனாவால் புள்ளி வைத்தேன். ஞாயிறுதோறும் ஊசி முனையால் சுரண்டிப் புதிய புள்ளி. முதல் வாரம் எல்லை 6 மில்லிமீட்டர் நகர்ந்தது. இரண்டாம் வாரம் 2. மூன்றாம் வாரம் நகரவே இல்லை. அப்போது காயத்தின் நீளம் 19 சென்டிமீட்டர், அகலம் 3.5. அடிமரத்தின் சுற்றளவே 14 சென்டிமீட்டர்தான். கால் பங்கு போய்விட்டது. முக்கால் பங்கு இருக்கிறது. அம்மா முக்கால் பங்கைத்தான் எண்ணினார்.

மார்ச் 8 அன்று வெட்டினேன். ஒட்டுக்கட்டும் கத்தியை 70 சதவீத ஆல்கஹாலில் துடைத்துக்கொண்டேன். செத்த பட்டை உரித்த பலாச்சுளைத் தோல்போல் நாராக வந்தது, புளித்த வாடையோடு. கீழே மரம் வெளிறிய மஞ்சளாகக் கெட்டியாக இருந்தது, அதைத் தொடவில்லை. ஓரத்தில் பால் கசியும் இடம் வந்ததும் நிறுத்தினேன். காயத்தை அழகாக்குவதற்காக உயிருள்ள பட்டையை ஒரு நூல் அளவுகூட எடுக்கவில்லை. பால்மரத்திலும் இதுதான் தொழில் என்றார் அம்மா. பட்டைக்குக் கீழுள்ள கட்டையைக் கத்தி தொட்டால் பட்டை சரியாக வளராது. தொடாமல் மெல்லிய பட்டையை விட்டு வெட்டினால் அதே இடத்தை ஆண்டுகள் கழித்து மறுபடியும் வெட்டலாம்.

ஒன்றில் மட்டும் அம்மாவின் அனுபவம் கைகொடுக்கவில்லை. கையுறை வேண்டாம் என்றார், நானும் போட்டுக்கொள்ளவில்லை. முன்கையில் பால் ஒழுகியது, அதோடு வெயிலில் நின்று வேலை செய்தேன். இரண்டு நாளில் அந்தத் தடம் சிவந்து, கொப்புளம் கட்டி, பிறகு கருத்தது. அத்திப் பாலில் உள்ள ஃபியூரனோகூமரின் என்ற பொருள் தோலில் பட்டு வெயிலும் பட்டால் தீச்சுட்டது போலாகும். “பால்மரத்துப் பால் இப்படிச் சுடாதே” என்று அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு வருந்தினார். அத்தியை வெட்டுகிறவர்கள் முழுக்கைச் சட்டையும் கையுறையும் போட்டுக்கொள்ளுங்கள். பால் பட்டால் உடனே சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

அடுத்து மருந்து பூசுவதா வேண்டாமா என்று எங்களுக்குள் வாக்குவாதம். தோட்டத்தில் வெட்டுக்காயத்துக்கு மருந்து பூசியே அம்மாவுக்குப் பழக்கம். நாற்றுக் கடைக்காரரும் தார் போன்ற ஒன்றை நீட்டினார். நான் அலெக்ஸ் ஷைகோவின் பக்கம் நின்றேன். அமெரிக்க வனத்துறையில் பணியாற்றியவர், 1930 முதல் 2006 வரை வாழ்ந்தவர். ஆயிரக்கணக்கான மரங்களை நீளவாக்கில் அறுத்து உள்ளே அழுகல் எப்படிப் பரவுகிறது என்று பார்த்தார். மரம் நம் தோல்போல் காயத்தை ஆற்றுவதில்லை, கெட்ட பகுதியைச் சுற்றி உள்ளுக்குள் சுவர் எழுப்பி அடைத்துவிடுகிறது, மேலே பூசும் பூச்சு அழுகலைத் தடுப்பதில்லை என்பது அவர் கண்டது. அம்மா கடைசியில் ஒன்று கேட்டார்: “பூசாவிட்டால் மழை நனைக்குமே?” அந்தக் கேள்வி சரியானது. மழை நாளில் வெட்டுப்பட்டையில் கறுப்புக் கோடாக அழுகல் இறங்கியதைத் தோட்டத்தில் கண்ணால் பார்த்தவர் அவர். ஆகவே காயத்தைத் திறந்தே விட்டு, தொட்டியைக் கூரை விளிம்புக்குக் கீழே வைத்தேன். தண்ணீரையும் அடிமரத்தில் படாமல் தொட்டி ஓரமாகவே ஊற்றினேன்.

ஏப்ரல் முதல் வாரம் காயத்தின் கீழ் ஓரத்தில் ஈரமான மரத்தூள் சிறு குவியலாக இருந்தது. விளக்கைப் பிடித்துப் பார்த்தால் குண்டூசித் தலை அளவில் துளை. வெந்த பட்டையைத் தேடி வண்டு முட்டையிட்டிருக்கிறது. மெல்லிய கம்பியின் நுனியைக் கொக்கிபோல் வளைத்து உள்ளே விட்டேன். 4 சென்டிமீட்டர் போனதும் ஏதோ மிருதுவாகத் தடுத்தது. திருகி இழுத்தபோது வந்தது, காலில்லாத வெள்ளைப் புழு, பழுப்புத் தலை, விரற்கணு நீளம். அத்திப் பழத்தைப் பிட்டுப் பார்த்தால் அத்தனையும் புழு என்பார்கள். அது நாட்டு அத்திக்குள் வாழும் குளவிகளைப் பற்றியது. என் மரம் குளவி இல்லாமலே பழுக்கிற வகை, பழம் சுத்தமாக இருக்கும். இந்தப் புழு அடிமரத்தையே தின்கிறது, ஆகவே அதைவிடக் கொடியது. அதன்பின் ஒரு மாதம் தினமும் விளக்கு பிடித்தேன். வேறு துளை இல்லை.

லிட்டில் இந்தியாவில் வெற்றிலைச் சுண்ணாம்பு ஒரு டப்பா வாங்கி, மோர்ப் பதத்தில் கரைத்து, காயத்தை விட்டுவிட்டு மற்ற அடிமரம் முழுவதும் அடித்தேன். மற்ற இரு மரங்களுக்கும் அடித்தேன். வெள்ளை நிறம் வெயிலைத் திருப்பிவிடும். மழையில் கரையும், மறுபடி அடிக்க வேண்டும். இதுவரை மூன்று முறை அடித்தாயிற்று.

மரம் தவறினாலும் வம்சம் இருக்கட்டும் என்று ஒரு கிளையில் விண்பதியம் போட்டேன். பட்டையை 2.5 சென்டிமீட்டர் வளையமாக எடுத்து, வழவழப்பைச் சுரண்டி, ஈரத் தேங்காய் நார்த்தூளை பிளாஸ்டிக்கில் சுற்றிக் கட்டினேன். ஐந்து வாரத்தில் வெள்ளை வேர் தெரிந்தது. ஆறாம் வாரம் அறுத்துத் தனித் தொட்டியில் வைத்தேன்.

தாய் மரத்தில் இந்த ஆண்டு வந்த பிஞ்சுகளையெல்லாம் கிள்ளிவிட்டேன். ஒவ்வொன்றையும் கிள்ளும்போது மனம் கேட்கவில்லை. ஆனால் அதன் பலம் காயத்துக்குப் போகட்டும் என்று செய்தேன். மே கடைசியில் காயத்தின் இரு ஓரங்களிலும் உதடுபோல் இளம்பச்சைத் திசு உருண்டு எழுந்தது. அகலம் 29 மில்லிமீட்டராகக் குறைந்தது. ஆகஸ்ட் 31, மலேசியச் சுதந்திர தினத்தன்று அளந்தேன்: 21.

டொராண்டோத் தம்பி தன் மரத்தை மே மாதமே மண்ணோடு அறுத்துவிடப் போனான். ஜூன் நடுவரை பொறு, அடியில் சுரண்டிப் பார், பச்சை இருந்தால் விடு என்று சொல்லியிருந்தேன். ஜூன் 10 அன்று அவன் அனுப்பிய படத்தில் வெடிப்புக்குக் கீழே இரண்டு மொட்டு விரிந்திருந்தது.

தீபாவளிக்குப் பிறகு மறுபடியும் கூரையடிக்குப் போக வேண்டும். அம்மா நேற்றே ஒரு வேலையை முடித்துவிட்டார். கதவுக்கு அடித்த மிச்ச நீலப் பெயின்டை எடுத்து, மூன்று தொட்டிகளிலும் தென்மேற்குப் பக்கத்தில் பட்டையாக ஒரு கோடு இழுத்திருக்கிறார். பின்னால் வைக்கும்போது அந்தக் கோடு வெளிச்சத்தைப் பார்க்க வேண்டும், தையில் வாசலுக்கு வரும்போதும் அதே கோடுதான் மேற்குச் சாலையைப் பார்க்க வேண்டும்.