பார்ல துப்பாக்கிக்கு என்னங்க வேலை

டெக்சாஸ்ல வேலை பாக்கற எங்க சித்தப்பா பையன்கூட வாட்ஸ்அப்ல ஒரே வாக்குவாதம். அங்க 2016 ஜனவரியில இருந்து லைசென்ஸ் உள்ளவங்க கைத்துப்பாக்கிய வெளிய தெரியற மாதிரியே இடுப்புல மாட்டிக்கிட்டு கடைகண்ணிக்குப் போகலாம், 2021 செப்டம்பருக்கு அப்புறம் பெரும்பாலானவங்களுக்கு அந்த லைசென்ஸும் தேவையில்லன்னு ஆக்கிட்டாங்க. "அதுக்காக பாருக்குள்ள எல்லாம் விட மாட்டாங்கண்ணா"ங்கறான். வாஸ்தவம்தான், ஆனா அந்த ரூல் எப்படிப் போட்டிருக்காங்கன்னு பாருங்க.

ஒரு கடை வருமானத்துல 51 சதவீதமோ அதுக்கு மேலயோ அங்கயே உக்காந்து குடிக்கற சரக்குல வந்துச்சுன்னா, சிவப்பா பெருசா 51%னு போர்டு வெக்கணும், துப்பாக்கியோட உள்ள வரக்கூடாது. அதே பீரு, அதே விஸ்கி, ஆனா சாப்பாட்டு வியாபாரம் கொஞ்சம் தூக்கலா இருந்தா அந்தத் தடை இல்ல. ஓனருக்கு இஷ்டமில்லன்னா அவரே தனியா ஒரு போர்டு மாட்டணும், இங்கிலீஷ்லயும் ஸ்பானிஷ்லயும், எழுத்து ஒவ்வொண்ணும் குறைஞ்சது 1 இன்ச் உயரம் இருக்கணுமாம். கல்லாவுல எது அதிகமா விழுந்துச்சுன்னு பாத்தா ஒருத்தனுக்கு போதை ஏறுது?

போதையில துப்பாக்கி வெச்சிருந்தா அதுவும் அங்க குத்தம்தான்னு தம்பி சொல்றான். சரிப்பா, அத யாரு கண்டுபிடிக்கறது, போலீஸ் வந்து டேபிள் டேபிளா நிக்கப் போறதில்ல, சப்ளையர்தான் பாக்கணும், அவன்தான் போய் "போதும்ங்க"ன்னு சொல்லணும்.

சேலத்துல பார்ல வேலை செய்யற பசங்க சில பேர எனக்கு நல்லாத் தெரியும். ராத்திரி 10 மணிக்கு டாஸ்மாக் ஷட்டர் எறங்குனதும் பார்ல இருக்கறவங்கள கெளப்பறதுதான் அவங்களுக்கு இருக்கறதுலயே கஷ்டமான வேலை. அதுல ஒரு பையன் என்ன பண்ணுவான்னா, டைம் ஆச்சுன்னு வாயத் தொறக்கறதுக்கு முன்னாடியே டேபிள்ல இருக்கற காலி பாட்டில், கண்ணாடி டம்ளர் எல்லாத்தையும் தொடைக்கற மாதிரி அள்ளிட்டுப் போயிருவான், அப்புறம்தான் திரும்பி வந்து "அண்ணா கெளம்புங்கண்ணா"ம்பான். கோவம் வந்தா மொதல்ல கைக்குக் கெடைக்கறது பாட்டில்தான்னு அவனுக்குத் தெரியும். இடுப்புல துப்பாக்கியோட ஒருத்தர் உக்காந்திருந்தா அவன் எத எடுத்துட்டுப் போவான்?

டெல்லியில 1999ல நடந்தது இதேதான். ஜெசிகா லால், பார்ல அன்னிக்கு சரக்கு ஊத்திக் குடுத்துட்டு இருந்த பொண்ணு, நேரம் முடிஞ்சுது இனி கெடையாதுன்னு சொன்னதுக்கு மொத குண்டு கூரைக்குப் போச்சு, ரெண்டாவது அந்தப் பொண்ணு தலையில. அத்தனை பேரு பாத்தும் 2006 பிப்ரவரியில எல்லாரும் விடுதலை, நாடே கொந்தளிச்சதுக்கு அப்புறம் அந்த டிசம்பர்லதான் சுட்டவனான மனு சர்மாவுக்கு ஹைகோர்ட் ஆயுள் தண்டனை குடுத்துச்சு. அவன் வெச்சிருந்தது லைசென்ஸ் துப்பாக்கி. அதனால "லைசென்ஸ் இருக்கறவன் பொறுப்பா இருப்பான்"ங்கற பேச்ச மட்டும் என்கிட்ட யாரும் கொண்டு வராதீங்க.

நம்ம ஊரு சட்டம் இந்த விஷயத்துல எவ்வளவோ தேவலாம். 2016 ஆயுத விதிகள்படி வெளிய எடுத்துட்டுப் போனாலும் உறையில மூடித்தான் கொண்டு போகணும், எடுத்து ஆட்டிக் காட்டுனா லைசென்ஸே போயிரும். எனக்கு ரொம்பப் பிடிச்சது எலெக்‌ஷன் டைம்ல பண்றதுதான். லைசென்ஸ் துப்பாக்கிய ஸ்டேஷன்ல ஒப்படைக்கச் சொல்றாங்க, ஓட்டுப்பதிவு முடியறதுக்கு முந்தின 48 மணி நேரம் சரக்குக் கடையும் மூடிடறாங்க. ஆத்திரம் பொங்கற நேரத்துல இது ரெண்டும் ஆளுங்க கைக்கு எட்டக்கூடாதுன்னு அரசாங்கத்துக்கே தெரிஞ்சிருக்கு, அப்ப மத்த நாள்ல மட்டும் மனுஷனுக்கு ஆத்திரம் வராதா?

நான் மதுவிலக்கு கேக்கலங்க. 1937 அக்டோபர் 1ம் தேதி ராஜாஜி மொத மொதல்ல மதுவிலக்கு கொண்டு வந்ததே நம்ம சேலம் மாவட்டத்துலதான், 2003 நவம்பர்ல இருந்து அரசாங்கமே டாஸ்மாக்ல சில்லறைக்கு விக்குது, அது வேற பஞ்சாயத்து. குடிக்கற இடத்துல துப்பாக்கி வேணாம், அவ்வளவுதான் நான் கேக்கறது.

பாருக்கு மட்டும் இல்ல, வீட்டுக்கும் இதுதான். எங்க ஆயா ஊரு ஏற்காட்டு மலைமேல, அந்தப் பக்கம் நாட்டுத் துப்பாக்கி புதுசில்ல. நீளக் குழாயில வாய் வழியா வெடிமருந்தப் போட்டு, பால்ரஸ் குண்டப் போட்டு, கம்பியால இடிச்சு கெட்டிச்சு வெப்பாங்க, ராத்திரி காட்டுப்பன்னி வந்தா உடனே சுடணுமேன்னு. கெட்டிச்சு வெச்சத மறுபடி வெளிய எடுக்கறது லேசில்ல, அதனால அப்படியே மூலையில சாத்தி வெச்சிருவாங்க. அதே வீட்டுக்குத்தான் ஒருத்தர் குடிச்சிட்டு வந்து பங்காளிகூட வரப்புத் தகராறு பேசுவாரு. லைசென்ஸ் இல்லாதத தானா வந்து குடுத்தா கேஸ் போட மாட்டோம்னு போலீஸ் மலை கிராமங்கள்ல அப்பப்ப சொல்றாங்க, ஊர்ப் பெரியவங்கள முன்ன வெச்சு அந்த நேரத்துல குடுத்துருங்க. லைசென்ஸ் இருக்கறவங்க வீட்டுல குடிக்கற ஆள் இருந்தா துப்பாக்கி ஒரு பக்கம் வெடிமருந்து ஒரு பக்கம்னு பூட்டி வைங்க, சாவி குடிக்காதவங்க கையில இருக்கட்டும்.