கிராமத்து ஹாலில் நிறுத்தப்பட்ட பிள்ளைகள்

1939 செப்டம்பர் 1, ஹிட்லர் படை போலந்துக்குள் நுழைந்த அதே நாள், குண்டு விழும் என்று பயந்து, லண்டன் போன்ற பிரிட்டிஷ் நகரங்களிலிருந்து பள்ளிப் பிள்ளைகளைக் கிராமங்களுக்கு ரயிலேற்ற ஆரம்பித்துவிட்டார்கள். மூன்றே நாளில், தாய்மார், ஆசிரியர்கள் எல்லாம் சேர்த்து ஏறக்குறைய 15 லட்சம் பேர்! சட்டையில் பெயரட்டை, தோளில் விஷவாயு முகமூடிப் பெட்டி. எந்த ஊருக்கு என்று பெற்றவர்களுக்கே தெரியாது, பிள்ளை போய்ச் சேர்ந்து தபால் கார்டு போட்டால்தான் விலாசம். சரி, அதுகூடப் பரவாயில்லை. இறங்கிய ஊரில் ஹாலில் வரிசையாக நிறுத்தி, அந்த ஊர் வீட்டுக்காரர்கள் தங்கள் வீட்டில் வைத்துக்கொள்ளப் பார்த்துப் பார்த்துப் பொறுக்கியிருக்கிறார்கள் பாருங்கள், அதுதான் எனக்கு ஆறவேயில்லை. வயல்வேலைக்கு ஆகிற பையன் முதலில் போய்விடுவான், அழுக்குச் சட்டையோடு தம்பி கையை விடாமல் நிற்பவன் கடைசிவரை நிற்பான். ஒற்றைப் பிள்ளையை வைத்துக்கொண்டால் அந்த வீட்டுக்கு அரசு கொடுத்தது வாரம் பத்தரை ஷில்லிங். அப்புறம் குண்டே விழவில்லையே என்று 1940 ஜனவரிக்குள் ஏறக்குறைய பாதிப் பேர் வீடு திரும்பிவிட்டார்கள். லண்டனில் குண்டுமழை தொடங்கியது அதே 1940 செப்டம்பரில்.